டூப்ளெக்ஸ் பைப்புக்கு 316 கம்பி, கூட்டாளி குடுக்குற பிக்யூஆர்: ரெண்டுமே வேணாம் தம்பி

சிலாங்கூர்ல செம்பனைத் தோட்டத்த ஒட்டின ஒரு சின்ன டவுன்லேர்ந்து ஒரு தம்பி எழுதியிருக்காரு. பேரு ஊரு போடாதீங்கன்னு கேட்டுக்கிட்டாரு, ரெண்டையும் எடுத்துட்டேன். அப்பா காலத்துல கேட்டு, கிரில், லோரி பாடி, மில்லுல கன்வேயர் ரிப்பேர்னு ஆரம்பிச்ச பட்டறை. இப்ப ரெண்டு ஆர்கன் வெல்டர், ஒரு ஹெல்ப்பர் பையன், கணக்கு வழக்கெல்லாம் வீட்டுக்காரம்மா. 304, 316-னு வழக்கமான ஸ்டெயின்லெஸ் ரகமெல்லாம் சுத்தமா வெல்ட் அடிப்பாங்களாம். இந்த தடவ ஒரு ஓலியோகெமிக்கல் பிளாண்ட்டுல வேலை எடுத்திருக்குற மெயின்-கொன் (மெயின் கான்ட்ராக்டர்) ஒருத்தரு, பயோடீசல் பக்கம் வர்ற கிளிசரின் லைனுக்கு 4 இஞ்சி ஷெடியூல் 40 (சுவர் தடிமன் சுமார் 6 மில்லி) பைப்புல ஸ்பூல், அதாவது முன்கூட்டியே வெல்ட் பண்ணிச் சேத்த பைப் துண்டு, பண்ணச் சொல்லி மெட்டீரியல இறக்கிட்டுப் போயிட்டாரு. பைப் 2205 டூப்ளெக்ஸ். கூட ரெண்டு ஜாய்ண்ட் மட்டும், எவாப்ரேட்டர் பக்கத்துல, 254 எஸ்எம்ஓ. ரெண்டுமே 316-ஐ விட உப்பத் தாங்குற ஸ்டெயின்லெஸ் ரகம்.

வெல்டுல உருக்கி நிரப்புற கம்பி எது போடணும்னு கேட்டதுக்கு சூப்பர்வைசர் சொன்ன பதில், "எல்லாம் ஸ்டெயின்லெஸ்தான் லா, 316எல் போடு, இல்லைனா 309 போடு, 309 எல்லாத்துலயும் ஒட்டும்". தம்பியும் கையில இருந்த 316எல்ல வச்சு மூணு ஜாய்ண்ட் முடிச்சிட்டாரு. அப்புறம் ஹெல்ப்பர் பையன் வெளையாட்டா காந்தத்த வச்சுப் பாத்திருக்கான், பைப்புல கப்புனு ஒட்டிக்கிச்சு. இது ஸ்டெயின்லெஸ்ஸே இல்லையோ, நம்ம தலையில கட்டப் பாக்குறாங்களோன்னு பயம். இதுக்கு நடுவுல மெயின்-கொன் ஆபிஸ்லேர்ந்து டபிள்யூபிஎஸ் (எப்படி வெல்ட் பண்ணணும்னு எழுதின முறைத் தாள்), பிக்யூஆர் (அந்த முறைல அடிச்ச சோதனைத் துண்டு பாஸ் ஆன ரிக்கார்டு), வெல்டர் சர்ட்டிபிகேட் அனுப்புன்னு மெசேஜ். வேற டவுன்ல பட்டறை வச்சிருக்குற கூட்டாளி, என் பிக்யூஆர தர்றேன், லெட்டர்ஹெட்ட மட்டும் மாத்திக்கோங்குறாரு. தம்பி கேக்குறது நாலு விஷயம்: கம்பி சரியா, கூட்டாளி பேப்பர் செல்லுமா, எஸ்கேஎம் (மலேசியத் திறன் சான்றிதழ்) லெவல் 3-யும் ஒரு 6ஜி (சாய்ச்சு நிறுத்தின பைப்ப சுத்தி அடிக்கிற டெஸ்ட்) பேப்பரும் இருக்கே அது பத்தாதா, அந்த மூணு ஜாய்ண்ட்ட தேய்ச்சு பாலிஷ் பண்ணி விட்டுட்டா யாருக்காவது தெரியுமா. வீட்டுக்காரம்மா ஒரு கேள்வி சேத்திருக்காங்க: டெஸ்ட்டுக்குப் போடுற காசு இந்த ஒரு வேலையோட போயிடுமா?

தம்பி, மொதல்ல அந்த காந்தத்த கீழ வைங்க. பழைய இரும்பு கடையில காந்தம் ஒட்டுனா இரும்பு, ஒட்டலைனா ஸ்டெயின்லெஸ்னு பிரிப்பாங்க, 304-க்கு அது ஓரளவு சரி. டூப்ளெக்ஸ்ங்கிற பேருக்கே காரணம் அதுக்குள்ள ரெண்டு விதமான அமைப்பு பாதிப்பாதி இருக்குறதுதான். பாதி ஆஸ்டெனைட், அது காந்தத்த கண்டுக்காது, பாதி ஃபெரைட், அது புடிச்சுக்கும். அதனால 2205-ல காந்தம் ஒட்டியே ஆகணும், ஒட்டலைனாதான் நீங்க பயப்படணும். உங்களுக்கு மெட்டீரியல் மேல சந்தேகம்னா மில் (பைப் செஞ்ச ஆலை) சர்ட்டிபிகேட்ட கேளுங்க, 3.1 சர்ட்டிபிகேட்டுனு கேட்டா அவங்களுக்குப் புரியும், அதுல இருக்குற ஹீட் நம்பரும் (எந்த உருக்குல வந்ததுனு காட்டுற நம்பர்) பைப் மேல அடிச்சிருக்குற ஹீட் நம்பரும் ஒண்ணா இருக்கணும். பேப்பர் வந்ததும் நைட்ரஜன் எவ்வளவுனு பாருங்க. ரக நம்பர் எஸ்31803-னு மட்டும் இருந்தா நைட்ரஜன் 0.08 சதவீதம் வரைக்கும் எறங்கலாம், எஸ்32205-னு இருந்தா 0.14-க்கு கீழ போகாது. வெல்டுக்கு பக்கத்துல சூடு ஏறுற இடத்துல உங்க கம்பி எதுவும் போய் சேராது, அங்க ஆஸ்டெனைட் திரும்பி உருவாகுறதுக்கு அந்த நைட்ரஜன்தான் பெரிய உதவி. ரெண்டு நம்பரும் சேத்து அடிச்ச பைப்பா இருந்தா பிரச்சனை இல்ல, இப்பல்லாம் அப்படித்தான் நெறைய வருது.

கம்பி ஏன் பைப் மாதிரியே இருக்கக் கூடாது

நீங்க 304-க்கு 308, 316-க்கு 316-னு பழகினவரு, அதனால பைப் பேரும் கம்பி பேரும் பக்கத்துல பக்கத்துல இருந்தா போதும்னு ஒரு நெனப்பு இருக்கும். ஆனா மில்லுல பைப் பண்ணும்போது உருட்டி, 1,000 டிகிரிக்கு மேல சூடு ஏத்தி, தண்ணில முக்கி, அந்த பாதிக்குப் பாதிய நிதானமா கொண்டு வர்றாங்க. உங்க ஜாய்ண்ட்டுக்கு அந்த பாக்கியம் கெடையாது, உருகுச்சு, உறைஞ்சிச்சு, அவ்வளவுதான். 2205 உருகி உறையும்போது மொதல்ல முழுசா ஃபெரைட்டாதான் உறையும், ஆறும்போதுதான் ஆஸ்டெனைட் எட்டிப் பாக்கும், அதுக்கு நேரம் பத்தாது. அதனாலதான் 2205-க்குனு வர்ற கம்பி 2209. பைப்புல நிக்கல் 5 சதவீதம் சுமாருக்கு இருக்கும், கம்பியில 9. அந்த கூடுதல் நிக்கல் ஆஸ்டெனைட்ட சீக்கிரம் இழுத்துட்டு வரும். ஆர்கனுக்கு வாங்கும்போது ஈஆர் 2209, குச்சினா ஈ2209, பாக்கெட்டுல ஏடபிள்யூஎஸ் ஏ5.9 இல்ல ஏ5.4-னு போட்டிருக்கும், அதுக்கும் சர்ட்டிபிகேட் வாங்கி வைங்க. இதே காரணத்தாலதான் கம்பி போடாம சும்மா உருக்கி டேக் (பைப்ப தற்காலிகமா புடிச்சு நிறுத்துற சின்ன வெல்டு) வைக்கிற பழக்கம் டூப்ளெக்ஸ்ல ஆகாது. அப்படி வச்ச டேக்கெல்லாம் ரூட் (அடியில போற மொத ரன்) ஓட்டுறதுக்கு முன்னாடி கிரைண்ட் பண்ணி எடுத்துடணும்.

இதுல 316எல் போட்டா என்ன ஆகும்? வெல்டு ஒட்டும், பாக்க அழகா இருக்கும், ஹைட்ரோ டெஸ்ட்டும் (தண்ணிய அழுத்தத்துல நிரப்பிப் பாக்குறது) தாண்டிடலாம். பிரச்சனை அந்த லைன்ல என்ன ஓடுதுங்கிறதுல இருக்கு. பயோடீசல் பக்கம் கேட்டலிஸ்ட்ட அடக்க ஹைட்ரோகுளோரிக் ஆசிட் போட்டா கடைசில உப்பு மிஞ்சும், நம்ம சமையல் உப்பேதான், அது குரூட் கிளிசரின்ல கலந்து சூட்டோட ஓடும். சூடும் உப்பும் சேர்ந்தா 304, 316-க்கு ஆகவே ஆகாது, குழி விழும், 60 டிகிரி தாண்டிட்டா வெல்டு ஓரத்துல விரிசலும் வரும். அதுக்குப் பயந்துதான் கிளையண்ட் காசு போட்டு 2205 வாங்கியிருக்காரு. குழி விழாம தாங்குற சக்திக்கு ஒரு கணக்கு உண்டு, குரோமியம் சதவீதத்தோட 3.3 மடங்கு மோலிப்டினம், 16 மடங்கு நைட்ரஜன் சேத்துக் கூட்டுங்க. 316எல் சுமார் 24, 25 வரும். 2205 சுமார் 35. 254 எஸ்எம்ஓ 43 பக்கம். அதாவது 35 பைப்ப 24 கம்பியால தச்சிருக்கீங்க, உப்பு நேரா அந்த தையலத்தான் தேடி வரும். பலமும் எறங்கும். எஸ்32205 பைப்புக்கு டென்சைல் (இழுத்தா தாங்குற பலம்) கொறஞ்சது 655 மெகாபாஸ்கல் வேணும், ஈ316எல் குச்சிக்கு ஸ்பெக் கேக்குறதே 490-தான்.

309-அ எடுத்துக்கிட்டா, சூப்பர்வைசர் சொன்னது முழுப் பொய் இல்ல. சாதா இரும்பையும் 304-ஐயும் ஒட்டுறப்ப இரும்பு உருகி வந்து கலந்து கம்பிய தண்ணியாக்கும், அத தாங்குறதுக்காக குரோமும் நிக்கலும் தூக்கலா வச்ச கம்பி அது. உங்க ஸ்பூல்ல கார்பன் ஸ்டீல் சப்போர்ட்ட 316 பேடுல ஒட்டணும்னா தாராளமா போடுங்க. ஆனா சாதா 309எல்ல மோலி (மோலிப்டினம்) கெடையாது, கணக்குப் போட்டா 316-க்கு கிட்டத்தான் நிக்கும். 2205 பைப் பழைய 316எல் லைனோட சேர்ற இடத்துக்கு 2209 போடுங்க, 309எல் மோலிங்கிற கம்பியும் ஒத்துக்குவாங்க.

254 எஸ்எம்ஓ கதை வேற. அதுல மோலி 6 சதவீதம், அதே அளவு மோலி உள்ள கம்பிய போட்டாக்கூட பத்தாது. சின்ன வயசுல பிளாஸ்டிக் குழாய்ல கட்டி விப்பாங்களே ஐஸ்கிரீம் மலேசியா, அத உறிஞ்ச உறிஞ்ச சிரப் எல்லாம் மொதல்லயே வாய்க்கு வந்துடும், கடைசில வெள்ள ஐஸ்தான் மிஞ்சும். தண்ணி மொதல்ல உறையும், சக்கரைய வெளிய தள்ளிடும், அதான் காரணம். வெல்டு உறையும்போதும் அதே கததான், மொதல்ல உறையுற குட்டிக் குட்டிக் கிளைகளோட நடுப்பகுதில மோலி கொறஞ்சு போயிடும், மீதி ஓரத்துல போய் சேந்துக்கும், மோலி கொறஞ்ச அந்த நடுப்பகுதில குழி விழும். அதனால இதுக்கு ஸ்டீல் கம்பிய விட்டுட்டு நிக்கல் கம்பிக்குப் போயிடுவாங்க, 625-னு கடையில சொல்ற ஈஆர்-நிக்ரோமோ-3, மோலி 8லேர்ந்து 10 வரை. கம்பி இல்லாம உருக்குறது இதுல கண்டிப்பா கூடாது. 254-ஐயும் 2205-ஐயும் நேரா சேக்குற ஜாய்ண்ட் இருந்தா மட்டும் 625 போடாதீங்க, அதுல இருக்குற நையோபியம் டூப்ளெக்ஸ்ல இருக்குற நைட்ரஜன புடிச்சுக்கும். நையோபியம் இல்லாத நிக்கல் கம்பி, சி-22 வகை, ஈஆர்-நிக்ரோமோ-10, அதைக் கேளுங்க. விலை கேட்டு மயக்கம் வந்தா நான் பொறுப்பில்ல.

சூடு கொறைச்சா நல்லதுனு யார் சொன்னது

304-ல பழகுன கை எல்லாத்துக்கும் ஒரு பாடம் தெரியும், சூடு கம்மியா, வேகமா, நடுவுல ஈரத்துணி போட்டு ஆத்தி ஆத்தி அடி. டூப்ளெக்ஸ்ல இது உங்கள கவுத்திடும். ரொம்ப சூடு ஏத்தி மெதுவா ஆறுனா 600 டிகிரிக்கும் 1,000-க்கும் நடுவுல சிக்மானு ஒரு பேஸ் வந்து உக்காரும், கண்ணாடி மாதிரி உடைஞ்சிரும், துருவும் ஏறும், அது எல்லாருக்கும் சொல்லித் தர்றாங்க. சூடு ரொம்ப கொறஞ்சாலும் கெடுதல்ங்கிறத யாரும் சொல்றதில்ல. சட்டுனு ஆறிட்டா ஆஸ்டெனைட் வர நேரம் இருக்காது, 70, 80 சதவீதம் ஃபெரைட்டாவே நின்னுடும், நைட்ரஜன் போக எடமில்லாம குரோமியத்தோட சேந்து நைட்ரைடா படிஞ்சிரும், அங்க குரோமியம் கொறையும். ஈரத்துணிய தூக்கிப் போடுங்க.

2205-க்கு பொதுவா வெல்டு நீளம் ஒரு மில்லிமீட்டருக்கு 0.5லேர்ந்து 2.5 கிலோஜூல் வரைக்கும் எடம் குடுப்பாங்க, ரன்னுக்கு ரன் நடுவுல 150 டிகிரி தாண்டக் கூடாது. கணக்கு கஷ்டமில்ல. 12 வோல்ட், 110 ஆம்ப், நிமிஷத்துக்கு 80 மில்லி ஓட்டுறீங்கன்னு வைங்க, 12-ஐ 110-ஆல பெருக்கி, 60-ஆல பெருக்கி, 80-ஆல வகுத்தா 990 ஜூல், கிட்டத்தட்ட 1 கிலோஜூல், நல்ல எடம். உங்க வெல்டர் ஓட்டும்போது ஹெல்ப்பர் பையன் கையில ஒரு ஸ்டாப் வாட்ச்சும் சாக்கட்டியும் குடுங்க, காந்தத்த விட உருப்படியான வேலை. ரூட்ட கொஞ்சம் தாராளமா கம்பி குடுத்து ஓட்டுங்க, ரெண்டாவது ரன்ன ரூட்ட விட கம்மி சூட்டுல, மெல்லிசா ஓட்டுங்க, அப்பதான் ரூட் திரும்பவும் வேகாது. 254-க்கு இன்னும் கட்டுப்பாடு, 1.5 கிலோஜூலுக்குள்ள, நடுவுல 100 டிகிரி. 2209 கம்பி 316 மாதிரி தண்ணியா ஓடாது, 625 அதுக்கும் மேல, கஞ்சத்தனமா நிக்கும், அதனால பெவல (பைப் ஓரத்துல வெட்டுற சரிவு) கொஞ்சம் அகலமா வெட்டி, 3 மில்லி கேப் விட்டு, மொதல்ல துண்டு பைப்புல பழகட்டும்.

பைப்புக்கு உள்ள பர்ஜ் பண்ணாம, அதாவது ஆர்கன விட்டு காத்த வெளியேத்தாம, இந்த வேலையில கை வைக்காதீங்க. ஆக்ஸிஜன் மீட்டர் வாடகைக்கு எடுத்து 50 பிபிஎம்முக்கு கீழ வந்தப்புறம் ரூட் ஓட்டுங்க, ரெண்டு மூணு லேயர் ஏறுற வரைக்கும் கேஸ நிறுத்தாதீங்க. டூப்ளெக்ஸ்க்கு ஆர்கன்ல 2 சதவீதம் நைட்ரஜன் கலந்து வாங்கினா இன்னும் நல்லது, வெல்டுல நைட்ரஜன் ஓடிப் போறத அது ஈடு கட்டும். ஹைட்ரஜன் கலந்த கேஸ் மட்டும் பக்கத்துல வரக் கூடாது. உங்க பட்டறையில லோரி பாடி கிரைண்ட் பண்ற பொறி அதே கூரைக்கு கீழதான பறக்குது? அந்த இரும்புத் தூள் டூப்ளெக்ஸ் மேல உக்காந்தா மத்தியான மழைல நனைஞ்சதும் சிவப்புப் புள்ளி புள்ளியா பூக்கும். தனி மூல, தனி டிஸ்க், தனி பிரஷ், நடுவுல ஒரு தார்பாய் கட்டிடுங்க.

பேப்பர் விஷயம்

வெல்டிங் முறைக்கும் வெல்டருக்கும் டெஸ்ட் வைக்கிற அமெரிக்க விதிப் புத்தகம் ஏஎஸ்எம்இ செக்‌ஷன் 9 படி, டெஸ்ட் கூப்பான் (சோதனைத் துண்டு) அடிக்கிறது உங்க கம்பெனியோட மேற்பார்வையில, உங்க கட்டுப்பாட்டுல நடந்திருக்கணும். அத வெளிய குடுக்க முடியாது. வெட்டுறது, மெஷினிங், லேப் டெஸ்ட் இதெல்லாம் வெளிய குடுக்கலாம், வெல்டிங்க மட்டும் குடுக்க முடியாது. கூட்டாளி நல்ல மனசோடதான் குடுக்குறாரு, ஆனா லெட்டர்ஹெட் மாத்தினா அது பொய்ப் பத்திரம், கையெழுத்து உங்களோடது. இன்னொன்னும் பாருங்க, அவரு பேப்பர் 304-லயோ 316-லயோ அடிச்சதா இருந்தா அது பி-நம்பர் (பைப் உலோகத்த வகை பிரிக்கிற நம்பர்) 8. டூப்ளெக்ஸ் பி-நம்பர் 10எச். பொய்யே சொன்னாலும் அந்த பேப்பர் உங்க பைப்ப மூடாது. 254 பி-நம்பர் 8-லதான் வருது, ஆனா 625 கம்பி எஃப்-நம்பர் (கம்பிய வகை பிரிக்கிற நம்பர்) 43, ஸ்டெயின்லெஸ் ஆர்கன் கம்பி எஃப்-நம்பர் 6, அங்கயும் விட்டுப் போச்சு.

இதுல ஒரு குழி இருக்கு, நல்ல இன்ஸ்பெக்டருங்களே விழுவாங்க. 308எல், 316எல், 2209 மூணுமே எஃப்-நம்பர் 6, வெல்டு மெட்டல் கலவைய வச்சுப் பிரிக்கிற ஏ-நம்பர் பாத்தாலும் மூணுமே 8. அப்ப 2205 பைப்புல 316 கம்பிய பேப்பர் தடுக்கலையேனு ஒருத்தர் வாதாடலாம். அந்த நம்பரெல்லாம் டெஸ்ட் எண்ணிக்கைய கொறைக்கப் போட்ட கூட்டம்தான், ஒண்ணுக்கு பதிலா இன்னொண்ண கண்ண மூடிக்கிட்டு மாத்தலாம்னு அர்த்தமில்லைனு அந்த புத்தகமே சொல்லுது, உலோகத்தோட தன்மையையும் ஓடுற சரக்கையும் பாத்து முடிவு பண்ணுங்குது. துரு புடிக்குமாங்கிறது செக்‌ஷன் 9-னோட கேள்வியே இல்ல.

அதனால 6 மில்லி பைப்புல ஒரு கூப்பான் அடிச்சீங்கன்னா 1.5 மில்லிலேர்ந்து 12 மில்லி வரைக்கும் கவர் ஆகும், உங்க வேலைக்கு ஏராளம். செக்‌ஷன் 9 கேக்குறது ரெண்டு டென்சைல் (இழுத்துப் பாக்குறது), ரெண்டு ஃபேஸ் பெண்ட், ரெண்டு ரூட் பெண்ட் (மேல்பக்கமும் அடிப்பக்கமும் வளைச்சுப் பாக்குறது). அதோட நிறுத்தினா டூப்ளெக்ஸ்க்கு அரைப் பரீட்சை எழுதின மாதிரி. கிளையண்ட் ஸ்பெக்க கேட்டு வாங்குங்க, பெரும்பாலும் ஃபெரைட் கணக்கு இருக்கும், 30லேர்ந்து 70-க்குள்ளயோ இன்னும் இறுக்கி 35லேர்ந்து 65-னோ கேப்பாங்க, ஹார்ட்னெஸ் இருக்கும், ஏஎஸ்டிஎம் ஏ923 (சிக்மா மாதிரி கெட்ட பேஸ் இருக்கானு பாக்குற டெஸ்ட்) இருக்கும். அதுல சி முறைனா துண்ட ஃபெரிக் குளோரைடுல 24 மணி நேரம் ஊற வச்சு எடை கொறையுதானு பாப்பாங்க, 2205 வெல்டுக்கு 22 டிகிரி. ஸ்பெக்ல கேக்காட்டியும் ஃபெரைட்டையும் இதையும் நீங்களா பண்ணிடுங்க. லேப் எடுக்கும்போது சாம் (மலேசிய லேப் அங்கீகாரத் திட்டம்) அங்கீகாரம் இருக்கானு பாருங்க, அதுலயும் இந்த டெஸ்ட் அவங்க லிஸ்ட்ல இருக்கானு பாருங்க.

வெல்டர் சர்ட்டிபிகேட்ல உங்களுக்கு நல்ல செய்தி பாதி, கெட்ட செய்தி பாதி. எஸ்கேஎம் லெவல் 3 பையனோட திறமைக்கு சாட்சி, மதிக்க வேண்டியது, ஆனா அது செக்‌ஷன் 9 கேக்குற வெல்டர் குவாலிஃபிகேஷன் இல்ல. டிரெய்னிங் சென்டர் குடுத்த 6ஜி பேப்பரும் அப்படித்தான், உங்க கம்பெனி பேருல, உங்க கையெழுத்துல, உங்க மேற்பார்வையில டெஸ்ட் நடந்திருக்கணும். நல்ல செய்தி, வெல்டருக்கு பி-நம்பர் அவ்வளவு கறாரா பாக்க மாட்டாங்க, கார்பன் ஸ்டீல்ல ஆர்கன் 6ஜி முறையா உங்ககிட்ட பாஸ் பண்ணவரு பேப்பர் படி 2209-ம் அடிக்கலாம், கம்பி எஃப்-நம்பர் ஒண்ணுதான். 625-க்கு மட்டும் தனி டெஸ்ட். ஆறு மாசம் அந்த பிராசஸ்ல கை வைக்காம இருந்தா போச்சு, லாக் புக் வைங்க. இன்னும் நல்ல செய்தி, பிக்யூஆர் கூப்பான 6ஜி பொசிஷன்ல உங்க வெல்டரே அடிச்சு அது பாஸ் ஆனா அதே டெஸ்ட்டுல அவரும் குவாலிஃபை ஆயிடுவாரு. ஒரு கல்லு, ரெண்டு மாங்கா.

அந்த மூணு ஜாய்ண்ட்

பாலிஷ் பண்ணா தெரியாதுனு நெனைக்காதீங்க. கிளையண்ட் இன்ஸ்பெக்டர் பிஎம்ஐ துப்பாக்கிய (உலோகக் கலவைய காட்டுற கருவி) வச்சு சுட்டாருன்னா சில வினாடில குரோமியம், நிக்கல், மோலி எல்லாம் ஸ்கிரீன்ல வந்துடும். நைட்ரஜன் தெரியாது, கார்பன் தெரியாது, ஆனா 22 இருக்க வேண்டிய எடத்துல குரோமியம் 19, 20-னு நின்னா போதும். ஒண்ணு மாட்டுனா மொத்த ஸ்பூலையும் சந்தேகப்படுவாங்க. மாட்டாம போனா இன்னும் மோசம், சூடான கிளிசரின் ஒழுகுற எடத்துக்கு கீழ நிக்கிறவன் நம்ம ஊருப் பையனாத்தான் இருப்பான்.

வெட்டி எடுங்க. வெல்டு மட்டும் இல்ல, ரெண்டு பக்கமும் சூடு ஏறுன எடத்தையும் சேத்து. நீளம் கொறைஞ்சா ஒரு துண்டு பைப் கேக்க வேண்டியிருக்கும், அதனாலதான் சொல்றேன், இன்னைக்கே மெயின்-கொன்னுக்கு எழுதிடுங்க. இந்த தேதில உங்க சூப்பர்வைசர் வாய்மொழியா சொன்ன கம்பில மூணு ஜாய்ண்ட் அடிச்சோம், அது 2205-க்குப் பொருந்தாதுனு தெரிஞ்சதும் நிறுத்திட்டோம், வெட்டி எடுத்து 2209-ல திரும்ப பண்றோம், டபிள்யூபிஎஸ் ஒப்புதல் வர்ற வரைக்கும் புது ஜாய்ண்ட் அடிக்க மாட்டோம். இவ்வளவு போதும், யாரையும் திட்ட வேணாம். ஈமெயில்ல அனுப்புங்க, வாய்ஸ் மெசேஜ்ல வேணாம்.

புது ஜாய்ண்ட்டுல நீலம், கருப்பு கலர் வந்தா பிரஷ்ல தேய்ச்சு மட்டும் விடாதீங்க, அடியில குரோமியம் கொறைஞ்ச தோல் அப்படியே இருக்கும், ஆசிட் பேஸ்ட் பூசி அந்த தோல எடுக்குற பிக்ளிங் பண்ணணும். அந்த பேஸ்ட்டுல ஹைட்ரோஃபுளோரிக் ஆசிட் இருக்கு. ஹெல்ப்பர் பையன் கையில ஒரு சொட்டு பட்டா ஒடனே எரியாமக்கூட போகலாம், ராத்திரி எலும்பு வலிக்கும், அப்ப லேட்டு. கால்சியம் குளுக்கோனேட் ஜெல் பட்டறையில இல்லைனா பேஸ்ட் டப்பாவ தொறக்கவே தொறக்காதீங்க, பட்டா நெறைய தண்ணி விட்டு கழுவி, ஜெல்ல தடவிக்கிட்டே நேரா ஆஸ்பத்திரி. வெல்டிங் புகையையும் லேசா எடுத்துக்காதீங்க, அதுல ஆறாம் நிலை குரோமியம் இருக்கு, 2017-லயே உலக சுகாதார நிறுவனத்தோட புற்றுநோய் ஆய்வு அமைப்பு வெல்டிங் புகைய புற்றுநோய் வரவைக்கிற பொருளுங்களோட முதல் வகுப்புல சேத்துடுச்சு. ஒரு ஃபேன போட்டு புகைய அடுத்தவன் மூஞ்சிக்கு தள்ளுறது காத்தோட்டம் ஆகாது.

வேலைய வச்சுக்கலாமா விட்டுடலாமா

உங்க முன்னாடி மூணு வழி. நீங்களே பிக்யூஆர் அடிச்சு வேலைய முடிக்கிறது ஒண்ணு. மெயின்-கொன்னுகிட்ட ஏற்கனவே 2205 பிக்யூஆர் இருந்தா, அவங்க டபிள்யூபிஎஸ்ல, அவங்க மேற்பார்வையில உங்க வெல்டருங்க அடிக்கிறது ரெண்டாவது, அப்ப வெல்டர் டெஸ்ட்டும் அவங்க பேருல, வெல்டு பொறுப்பும் அவங்களது, ஆனா பேருக்கு ஒரு ஆள அனுப்பி உக்கார வச்சா மேற்பார்வை ஆகாது. மூணாவது கும்பிடு போட்டு மெட்டீரியல திருப்பி ஏத்திடுறது. நான் உங்க எடத்துல இருந்தா 2205-அ நானே பண்ணுவேன், அந்த ரெண்டு 254 ஜாய்ண்ட்ட மட்டும் இந்த தடவ விட்டுடுவேன். ரெண்டு ஜாய்ண்ட்டுக்காக தனி பிக்யூஆர், தனி வெல்டர் டெஸ்ட், நிக்கல் கம்பினு செலவு பண்ணா திரும்பி வராது. அதுலயும் எவாப்ரேட்டர் நோசல்லயே நேரா வெல்ட் பண்ணச் சொல்றாங்களானு கேளுங்க. அது பிரஷர் வெசலா இருந்தா ஜேகேகேபி (மலேசியத் தொழில் பாதுகாப்பு இலாகா) சர்ட்டிபிகேட் உள்ள சாமான், 2024 ஜூன்லேர்ந்து பழைய தொழிற்சாலை சட்டம் போய் புது விதிமுறை வந்திருக்கு, அந்த அனுமதியெல்லாம் பிளாண்ட் ஓனர் எடுக்க வேண்டியது, எடுத்தாச்சானு எழுத்துல பாக்காம நீங்க டார்ச்ச பத்த வைக்கக் கூடாது.

பேமெண்ட்டுக்கும் ஒரு வார்த்தை. உங்ககிட்ட இப்ப இருக்குறது டெலிவரி ஆர்டரும் வாட்சாப்பும்தான்னு எழுதியிருக்கீங்க. கட்டுமான வேலைக்கு காசு வராம இழுத்தா சிஐபிஏஏ 2012-னு ஒரு சட்டம் இருக்கு, ஆனா அது எழுத்துல போட்ட ஒப்பந்தத்துக்குத்தான். உங்க ஸ்பூல் வேலை அதுக்குள்ள வருமானு வக்கீல்கிட்ட ஒரு தடவ கேட்டுக்குங்க, எப்படிப் பாத்தாலும் பர்ச்சேஸ் ஆர்டர் இல்லாம ஒரு கூப்பான்கூட வெட்டாதீங்க. அந்த ஆர்டர்ல பைப் கிரேடு, கம்பி கிரேடு, எந்த கோட், என்னென்ன டெஸ்ட், வெட்டி எடுக்குற மூணு ஜாய்ண்ட் யார் செலவு, இவ்வளவும் இருக்கணும். உங்க செலவுல கொஞ்சம் விழத்தான் செய்யும் தம்பி, சூப்பர்வைசர் சொன்னாலும் டார்ச் புடிச்சது உங்க கை.

வீட்டுக்காரம்மா கேட்ட கேள்விதான் இந்த கடிதத்துலயே புத்திசாலித்தனமான கேள்வி. வெல்டர் பேப்பர் மாதிரி பிக்யூஆர் காலாவதி ஆகாது. ஒரு தடவ உங்க பேருல பாஸ் ஆயிடுச்சுனா அடுத்த 2205 வேலைக்கும் அதே பேப்பர், அஞ்சு வருஷம் கழிச்சும் அதே பேப்பர், பி-நம்பர், கம்பி, தடிமன் எல்லாம் அந்த எல்லைக்குள்ள இருந்தா போதும். அதனால குவோட்டேஷன்ல "புரொசீஜர் குவாலிஃபிகேஷன்"னு தனி வரியா போடச் சொல்லுங்க, மெயின்-கொன் பாதி குடுத்தாக்கூட வாங்கிக்கோங்க, ஆனா பேப்பர் எங்க கம்பெனி சொத்து, காப்பி மட்டும் தர்றோம்னு அதே வரிக்கு கீழயே அவங்க கையால எழுதச் சொல்லுங்க.